கரையோர ஊருக்கு ஒலிபெருக்கி: உயரக் கம்பத்தில் நாலு குழாயா, தெருவுக்குத் தெரு பெட்டியா?

எங்கள் ஊரில் பொது ஒலிபெருக்கி வைக்க ஊர்ப்பணம் ஒதுக்கியாகிவிட்டது. எதை வைப்பது என்பதில்தான் இழுபறி இருந்தது. ஊர்க் கூட்டத்தில் நாலு யோசனை வந்தது. கோயில் திடலில் உயரமாக ஒரு கம்பம் நட்டு, நாலு திசைக்கும் நாலு கூம்புக் குழாய் கட்டிவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். தெருவுக்குத் தெரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளாக மாட்டலாம் என்றது இன்னொரு தரப்பு. தேவைப்படும்போது ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றி வந்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். இருக்கவே இருக்கிறது வாட்ஸ்அப், இதற்கெல்லாம் எதற்குச் செலவு என்றன இளவட்டங்கள்.

நான் மைக்செட் தொழிலில் இருப்பவன். கேட்டார்கள், சொன்னேன். பக்கத்து ஊர்களிலும் இதே பேச்சு ஓடுவதால் எழுதியும் வைக்கிறேன். என் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை. பெட்டிதான். ஆனால் எல்லா ஊருக்கும் அதுவேதான் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவே, தென்கடலைப் பார்த்த கரை. கடலை ஒட்டிக் கிழக்கு மேற்காகச் சுமார் 400 மீட்டர் நீளம். கரைத்தெரு, நடுத்தெரு, பனங்காட்டுத் தெரு என்று மூன்றே தெரு. உயரக் கம்பம் நட வசதியான இடம் இருப்பது கிழக்குக் கோடித் திடலில் மட்டும். சொல்ல வேண்டிய சேதிகளும் தெரிந்தவைதான். மீன்வளத் துறை கடலுக்குப் போக வேண்டாம் என்றால் அது. காவிரித் தண்ணீர் வரும் நேரம், ரேஷன் கடை, ஊர்க் கூட்டம், இறப்புச் செய்தி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரணத்துக்கு எந்தக் காகிதம் எடுத்து வர வேண்டும் என்பது. புயல் வந்தால் எல்லாவற்றுக்கும் மேலே அது.

இந்த ஊரில் ஒலிபெருக்கி புதிதல்ல. திருவிழாவுக்குக் குழாய் கட்டினால் பக்கத்து ஊர்வரை பாட்டு கேட்கும். அதையே அறிவிப்புக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதை கரைத்தெரு மாமா ஒருவர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். "தம்பி, சத்தம் நல்லாத்தான் கேக்குது. என்ன சொல்றான்னுதான் வெளங்க மாட்டேங்குது." நாலு யோசனையையும் நான் எடைபோட்டது இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான். பாட்டுக்குச் சத்தம் எட்டினால் போதும், அறிவிப்புக்குச் சொல் எட்ட வேண்டும்.

பேச்சில் கனமெல்லாம் உயிர் ஒலிகளில் இருக்கிறது. ஆ, ஓ, ஈ என்று நெஞ்சிலிருந்து வருவது பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்கு ஆயிரம் அதிர்வுக்குள். அது நெடுந்தூரம் போகும். வல்லத்து டீசல் இன்ஜின் தொலைவில் வரும்போதே யார் படகு என்று வீட்டிலிருக்கும் பெண்கள் சொல்வதும் இதனால்தான், தாழ்ந்த ஒலி காற்றில் அவ்வளவாகத் தேயாது. ச, ட, த, க, ப என்று உதட்டிலும் நாக்கிலும் வெடிப்பவை பெரும்பாலும் 2000-க்கு மேலே, மெல்லியவை. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை இவைதான். காற்று இவற்றை முதலில் தின்றுவிடும். 4000 ஹெர்ட்ஸ் ஒலி, தூரத்தால் குறைவது போக, 100 மீட்டருக்கு இரண்டு மூன்று டெசிபல் கூடுதலாகத் தேயும் (சத்தத்தை அளக்கும் அளவுதான் டெசிபல்). ஈரக்காற்று சத்தத்தை அமுக்கிவிடும் என்று கரையில் ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை தலைகீழ். வறண்ட காற்றில்தான் கூர்மையான ஒலி சீக்கிரம் தேயும்.

அடுத்தது கேட்கும் காது. ஆண்டுக்கணக்கில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடத்துக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை. மூடாத டீசல் இன்ஜின் அதைச் சாதாரணமாகத் தாண்டும். இப்படிப்பட்டவருக்குச் சத்தம் நன்றாகவே கேட்கும், மெய்யெழுத்துதான் உதிர்ந்து போயிருக்கும். அவருக்காக வால்யூமைக் கூட்டினால் உயிர் ஒலிகள் இன்னும் முழங்கும், பிடிக்க வேண்டியது பிடிபடாது. "காதுல கத்தாதடா, மெதுவாச் சொல்லு" என்று வீட்டுப் பெரியவர்கள் சிடுசிடுப்பதில் நியாயம் இருக்கிறது.

இப்போது குழாய்க்கு வருவோம். கூம்பு ஒலிபெருக்கி என்று காவல் நிலையத்தில் எழுதுவார்கள், நமக்கு அது குழாய். பின்னால் திருகும் யூனிட்டுக்குள் ஒரு மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், சுற்றிலும் காந்தம். சவ்வு அசைந்து தள்ளும் காற்றைக் குழாய் படிப்படியாக விரித்து வெளியே விடுகிறது. அதனால் கொஞ்ச மின்சாரத்தில் நிறையச் சத்தம். நல்ல குழாய் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 106 டெசிபல் அளவில் தரும். 30 வாட் ஏற்றினால் 121. விலை, ஒயர், ஆள்கூலி எல்லாமே குறைவு. ஒரே இடத்தில் இருப்பதால் பழுது பார்ப்பதும் சுலபம். மூத்தவர்கள் இதைக் கேட்பதில் தப்பே இல்லை.

ஆனால் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 20 மீட்டரில் குழாய்க்கு நேரே இருக்கும் மாடி வீட்டில் 95. நூறாவது மீட்டரில் 81. மேற்குக் கோடியில், 350 மீட்டரில், 70. இது காகிதக் கணக்கு, தரையும் சுவரும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனி ஆடியில் தென்கடல் புரளும்போது கரைத்தெருவில் அலைச்சத்தமே 65, 70 வரை போகும். பேச்சு விளங்க வேண்டுமானால் சுற்றுச்சத்தத்தைவிடக் குறைந்தது 10 மேலே இருக்க வேண்டும். ஆக, கிழக்கே திடலோரக் குழந்தை தூக்கத்தில் அலறி எழும், மேற்கே ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. இரண்டும் ஒரே அறிவிப்பில் நடக்கும்.

காற்றைச் சேர்த்தால் இன்னும் மோசம். காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போகிறது என்று நினைக்கிறோம். வேகமான காற்று நொடிக்கு 10 மீட்டர், ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர். அதை இது எங்கே அள்ளுவது? நடப்பது வேறு. தரையை ஒட்டிக் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடுவதால் ஒலி வளைகிறது. காற்று போகும் திசையில் ஒலி தரைப்பக்கம் குனியும், எதிர்த்திசையில் மேல்நோக்கி எழும்பித் தலைக்கு மேலே போய்விடும். அங்கே தரையில் ஒரு ஒலி நிழல் விழும். நிழலுக்குள் 10, 20 டெசிபல்கூடக் காணாமல் போகும். கச்சான், அதாவது மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் எங்கள் மேற்குக் கோடி அந்த நிழலில்தான் இருக்கும். வாட்டைக் கூட்டியும் பிரயோசனமில்லை, கூட்டிய சத்தமும் மேலேதான் போகும்.

வெயிலும் இதே வேலையைச் செய்யும். நடுப்பகலில் மணல் கொதித்து அதன் மேல் காற்று சூடாகும்போது ஒலி மேல்நோக்கி வளையும். பின்னிரவில் தரை குளிர்ந்ததும் கீழ்நோக்கி வளையும். விடிவதற்கு முன் உச்சிப்புளிப் பக்கம் போகும் ரயிலின் ஊதல் பக்கத்தில் கேட்பதுபோல் வரும், அதே ரயில் நண்பகலில் போவதே தெரியாது. குழாயைக் கட்டிவிட்டுச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் காலை ஆறு மணிக்குச் சோதிக்கிறார்கள். அந்த நேரத்தில் எந்தக் குழாயும் நல்ல குழாய்தான். மதியம் பன்னிரண்டுக்குச் சோதித்துப் பாருங்கள்.

சரி, மேற்கே இன்னொரு கம்பம் நட்டால் என்ன? கூட்டத்திலும் இது எழுந்தது. இரண்டு கம்பத்துக்கும் இடையே 350 மீட்டர் என்றால், ஒரு கம்பத்தடியில் நிற்பவருக்கு மற்றதன் சத்தம் ஒரு நொடி பிந்தி வரும். இரண்டு ஒலிக்கும் இடைவெளி ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் காது அவற்றை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும், தூரக் கணக்கில் அது 17 மீட்டர் வித்தியாசம். அதைத் தாண்டினால் சொல் இரட்டிக்கும். 'நாளை' என்பது முடிவதற்குள் இன்னொரு 'நாளை' வந்து 'காலை'யின் மேல் ஏறும். நடுவில் இருப்பவர் தப்பித்தார், கால்வாசித் தூரத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டம். திருவிழாவில் ஊர் முழுக்கக் குழாய் கட்டிப் பேச்சாளர் பேசும்போது ஒன்றும் விளங்காததற்குக் காரணம் பேச்சாளர் மட்டுமல்ல.

குழாய்க்கு இன்னொரு சிக்கல் சட்டத்தில். திருவிழா அனுமதியிலேயே கூம்பு ஒலிபெருக்கி கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும், பிடித்தால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி எந்த ஒலிபெருக்கிக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது, பொது அவசர நிலைக்கு விலக்கு உண்டு. பள்ளியையும் மருத்துவமனையையும் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ஒலிபெருக்கி இருக்கும் பொது இடத்தின் எல்லையில் அதைவிட 10 கூடலாம். 95 எங்கே, 65 எங்கே?

இதில் கடலோடிகள் கவனிக்க வேண்டியது அந்த இரவு பத்து மணி. படகு இறக்குவது விடியுமுன். 'இன்று கடலுக்குப் போக வேண்டாம்' என்பதை மூன்று மணிக்குச் சொல்வதுதான் வசதி, ஆனால் புயல் இல்லாத சாதாரணக் காற்று எச்சரிக்கைக்கு அந்த நேரத்தில் மைக்கைத் திறக்க முடியாது. முந்தின நாள் இரவு எட்டு மணிக்கே சொல்லிவிட வேண்டும். எந்தக் கருவி வாங்கினாலும் இந்தப் பழக்கம் வர வேண்டும்.

இனிப் பெட்டி. கடையில் காலம் ஸ்பீக்கர் என்று கேட்டால் தருவார்கள். நீளமான ஒரு பெட்டிக்குள் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். அப்படி அடுக்குவதால் ஒலி மேலும் கீழும் சிதறாமல் பக்கவாட்டில் விரிந்து, தெருவில் நிற்பவர் காது மட்டத்தில் ஓடும். பெட்டியை நேராக நிற்கவைத்தால்தான் இது நடக்கும். அழகாக இருக்கிறது என்று படுக்கவைத்து மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், வாங்கிய காசே வீண்.

பெட்டி குழாயைப்போல் சத்தம் போடாது. 1 வாட்டுக்கு 92 டெசிபல் இருந்தாலே நல்லது. ஆனால் அது காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 50 மீட்டருக்கு ஒன்று வைத்தால் எந்த வீடும் 25 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்காது. 20 வாட் கொடுத்தால் அந்த 25-ஆவது மீட்டரில் 77 வரும், புரளும் கடலோரத்துக்கும் அது பெரும்பாலும் போதும். அலை எட்டாத உள்தெருவில் அன்றாடச் சேதிக்கு வெறும் 1 வாட் விட்டாலே 25 மீட்டரில் 64 கிடைக்கும். அமைதியான தெருவில் அது தெளிவோ தெளிவு, யார் தூக்கமும் கெடாது. குழாயை இப்படிக் குறைக்க முடியாது, குறைத்தால் கடைசி வீட்டுக்கு எட்டாது. கச்சானும் வெயிலும் இங்கே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, 25 மீட்டருக்குள் ஒலி எவ்வளவு வளைந்துவிடும்? இரட்டிப்பும் பெரிதாக வராது. ஒரு பெட்டியடியில் நிற்பவருக்கு அடுத்த பெட்டியின் ஒலி பிந்தித்தான் வரும், ஆனால் 20 டெசிபல் மெலிந்து வருவதால் காது அதைக் கண்டுகொள்ளாது. இரண்டுக்கும் நடுவில் நின்றால் இரண்டும் ஒன்றாகவே வந்து சேரும்.

வீடுகள் மாறியதும் பெட்டிக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஓலைக் கூரை காலத்தில் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வந்தது. இப்போது கான்கிரீட், கண்ணாடி ஜன்னல், தலைக்கு மேல் ஓயாத மின்விசிறி. ஜன்னலை மூடினால் 20 டெசிபல் வெளியே நின்றுவிடும். தூரத்துக் குழாய் இந்த வீட்டுக்குள் வெறும் முனகலாகத்தான் நுழையும். நடுவில் நிற்கும் பனைமரங்கள் சத்தத்தைத் தடுக்கின்றன என்று சிலர் சொல்கிறார்கள். பத்து வரிசைப் பனை இருந்தாலும் பெரிதாகத் தடுக்காது, பாவம், அவற்றின் மேல் பழி வேண்டாம்.

செலவு? குழாய் வழியைவிடப் பெட்டி வழி இரண்டு மடங்குக்கும் மேலே இழுக்கும், அதில் பெரும்பங்கு ஒயரும் ஆள்கூலியும். எங்கள் கணக்கு இது. கரைத்தெருவில் 6 பெட்டி, தலைக்கு 20 வாட். நடுத்தெருவில் 8 பெட்டி, தலைக்கு 10 வாட், இவை பனங்காட்டுத் தெருவுக்கும் சேர்த்து. மொத்தம் 200 வாட், அதற்கு 250 வாட் ஆம்ப்ளிஃபயர். மூச்சு முட்ட ஏற்றக் கூடாது. இணைப்பு 100 வோல்ட் லைனில், அதாவது மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பும் முறையில், கொடுக்க வேண்டும், ஒவ்வொரு பெட்டியிலும் அதை இறக்கிக்கொள்ளும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும். 200 வாட் இப்படிப் போனால் ஒயரில் ஓடுவது 2 ஆம்பியர்தான். வீட்டு ஸ்பீக்கர்போல் நேரடியாக இழுத்தால் 5 ஆம்பியர் வரும், பாதிச் சத்தம் ஒயரைச் சூடாக்கவே செலவாகி, கடைசிப் பெட்டி முணுமுணுக்கும். எந்தப் பெட்டிக்கு எத்தனை வாட் என்று அந்த டிரான்ஸ்ஃபார்மர் முனையிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. பிரசவமான வீடோ நோயாளியோ இருந்தால் அந்த ஒரு பெட்டியை 5 வாட்டுக்கு இறக்கி வைக்கலாம். மின்வாரியக் கம்பத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். வீட்டுச் சுவர் கேளுங்கள், இல்லாவிட்டால் சொந்தமாகச் சின்னக் கம்பம் நடுங்கள்.

பெட்டியின் நிஜமான எதிரி உப்பு. குழாய் என்றால் பார்க்க வேண்டியது ஒரே இடம், இங்கே பதினாலு இடம். கரையிலிருந்து இறக்கிய பழைய பெட்டி ஒன்றைத் திறந்தால் தெரியும். திருகு துருவேறிப் பிரிக்க வராது. செம்பு முனை பச்சை பூத்து, தொட்டால் மாவாக உதிரும். ஸ்பீக்கர் காகிதக் கூம்பின் விளிம்பு நமுத்துத் தொங்கும். மழைக்காலம் முடிந்து பெட்டி கரகரக்கிறது என்றால் பாதிக்கு மேல் கோளாறு அந்தப் பச்சை பூத்த முனையில்தான், ஸ்பீக்கரில் இல்லை. ஆகவே வெளிச்சுவருக்கென்று செய்த பெட்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகு, வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், முனைகளில் கிரீஸ். ஒயர் பெட்டிக்குள் கீழிருந்து மேலேறி நுழைய வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் ஒயரோடு வழிந்து உள்ளே போகாது. வருஷத்துக்கு ஒரு தடவை, மழை ஓய்ந்து தை பிறந்ததும், எல்லாவற்றையும் திறந்து துடைக்க ஓர் ஆளுக்குக் கூலி ஒதுக்க வேண்டும். ஒதுக்காத ஊருக்குப் பெட்டி வேண்டாம், குழாயே போதும். குழாய் மட்டும் தப்பியதா என்றால், அதற்குள் குளவி கூடு கட்டும், மைனா வைக்கோல் திணிக்கும். ஆனால் இறக்கித் தட்டினால் சரியாகிவிடும்.

ஆட்டோவை நான் ஒதுக்கவில்லை. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்ன அரசே, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்று வழி காட்டியது. காதுக்குப் பக்கத்தில் வருவதால் தெளிவிலும் குறையில்லை. ஆனால் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்ந்தாலும் நொடிக்கு 4 மீட்டர் ஓடிவிடும். ஒரு வாசலில் நன்றாகக் கேட்பது பதினைந்து நொடிதான். இறந்தவர் பெயரைச் சொல்வதற்குள் அடுத்த தெரு வந்துவிடும், இங்கே இருப்பவர் பதறிப்போய் இன்னொருவருக்குப் போன் போடுவார். முக்குக்கு முக்கு நிறுத்திச் சொன்னால்தான் உண்டு. கரைத்தெரு மணலில் ஆட்டோ ஏறாது. காற்று ஊளையிடும் நடுராத்திரியில் எந்த ஓட்டுநரை எழுப்புவது? தேர்தலுக்கும் மருத்துவ முகாமுக்கும் அது சரி.

வாட்ஸ்அப் குரல் சேதியில் ஒரு பெரிய நல்லது, திரும்பப் போட்டுக் கேட்கலாம். காது மந்தமானவர் அருகில் வைத்துக்கொள்ளலாம். வெளியூரில் இருப்பவருக்கும் போய்ச் சேரும். ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பார்களா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாசி எடுக்கப் போகும் பெண்கள் தண்ணீரில் முங்கி முங்கி எடுப்பவர்கள், போன் கரையில் பாலித்தீன் பைக்குள் சுருண்டு கிடக்கும். கடலுக்குள் சில மைல் போனால் டவர் விட்டுவிடும். அதைவிட மோசம், போன வருஷத்து எச்சரிக்கையை யாராவது இந்த வருஷம் தட்டிவிடுவது. குரலில் தேதி இருக்காது, கேட்டவர் வலையை மடித்துவிடுவார். பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி, 90.4-இல், மீனவர்களுக்கென்றே நடப்பது. அது எட்டுகிற ஊர்களுக்குக் காற்றும் கடலும் பற்றிக் கேட்க அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் சமுதாய வானொலியின் எல்லை பொதுவாகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான், எங்கள் ஊர்த் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அது சொல்லாது.

சைரன் வைக்கலாமே என்று கடைசியில் ஒரு குரல் வந்தது. சைரன் வெகுதூரம் எட்டும், சக்தி முழுவதையும் ஓரிரு சுருதியில் கொட்டுவதால். ஆனால் அதற்கு ஒரே ஒரு சேதிதான் தெரியும், 'ஏதோ ஆகிவிட்டது'. கேட்டவர் கடலைப் பார்த்து ஓடுவாரா, கடலை விட்டு ஓடுவாரா? பெட்டி வழியாகப் பேசப் போகும் முன் ஐந்து நொடி ஊதல் ஒலிக்கவிட்டால் போதும். நிறைய ஆம்ப்ளிஃபயர்களில் அந்தப் பொத்தான் இருக்கிறது.

ஆக, எங்கள் ஊருக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். பதினாலு பெட்டி, அதோடு படகுத்துறையில் கடலைப் பார்த்து ஒரே ஒரு குழாய். தண்ணீரில் நிற்கும் பாசிக்காரப் பெண்களுக்கும் கரைக்கு அருகில் வரும் வத்தைப் படகுகளுக்கும் பெட்டி எட்டாது. வடகிழக்கிலிருந்து வீசும் வாடையில், அதாவது புயல் மாதங்களில், எங்கள் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், அந்தக் குழாயின் ஒலி தண்ணீரை ஒட்டிக் குனிந்து ஓடும். இதே ஏற்பாட்டைத் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து ஊர்கள் அப்படியே எடுக்க வேண்டாம். அந்த ஊர்களை ஒட்டிய, பெண் கடல் என்று பெயர் வாங்கிய பாக் விரிகுடா மற்ற மாதங்களில் தூங்கினாலும் வாடையில் முழித்துக்கொள்ளும், காற்றும் கடலிலிருந்து கரைக்கு வரும். அங்கே துறைக் குழாய் தேவைப்படும் நாளில்தான் வேலை செய்யாது. கரைத்தெருவுக்குப் பெட்டியை இன்னும் நெருக்கி, 30 மீட்டருக்கு ஒன்றாக வைப்பது மேல். அறுபது எழுபது வீடு ஒரே கொத்தாக இருக்கும் குடியிருப்புக்கு நடுவில் தாழ்வாக ஒரு கம்பமும் இரண்டு குழாயும் போதும், ஒயருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அனுமதி மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

எது வாங்கினாலும் ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடுவதாக இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை முற்றும்போது முதலில் போவது கரண்ட். பேச்சு முழு வாட்டையும் எந்நேரமும் இழுக்காது, ஆகவே நல்ல நிலையில் உள்ள இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று இரவு முழுக்கத் தாங்கும். வெறும் பேட்டரி வாங்கி மூலையில் வைத்தால் வேண்டிய அன்று செத்துக் கிடக்கும், சார்ஜரோடு சேர்த்து மாட்டுங்கள்.

கருவிக்கு ஆகும் காசில் நூறில் ஒரு பங்குகூடச் செலவில்லாத ஒன்று பேசும் முறை. மைக் மூடிய அறைக்குள் இருக்க வேண்டும், வாசலில் வைத்தால் காற்று அதன் மேல் மோதும் பொதபொதப்புதான் ஊருக்குக் கேட்கும், தன் சத்தத்தைத் தானே வாங்கி விசிலும் அடிக்கும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல். பாஸைக் குறை, ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்று. எக்கோ திருகை ஒரேயடியாகப் பூஜ்யத்தில் வைத்து மேலே டேப் ஒட்டிவிடுங்கள். மைக் பிடிக்கும் எல்லாருக்கும் அதன்மேல் ஒரு கண். எங்கள் ஊரில் அறிவிப்பைக் கல்லூரி படிக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்தோம், தொண்டை கனத்த ஆண்களைவிட அவள் சொன்னது எல்லாருக்கும் விளங்கியது.

அப்புறம், வாக்கியத்தின் முடிவு. 'நாளை அதிகாலை முதல் மறு அறிவிப்பு வரும்வரை மீனவர்கள் யாரும் கடலுக்குப் போக…' என்று வாசித்து, மூச்சு தீர்ந்து, குரல் தாழ்ந்து, 'வேண்டாம்' உள்ளே போய்விடும். தமிழில் ஆமா இல்லையா என்பது கடைசியில்தான் வரும், சத்தம் சாகும் இடமும் அதுவே. அந்த நேரம் பார்த்து ஒரு அலை உடைந்தால் சேதி தலைகீழ். எனவே முதலில் மறுப்பு. "போகாதீங்க. கடலுக்குப் போகாதீங்க. நாளைக்குக் காலையிலிருந்து காத்து பலமா இருக்கும். போகாதீங்க." எழுதி வந்த சுற்றறிக்கையை அப்படியே வாசிக்கும் பழக்கத்தை விட வேண்டும்.

சரிபார்க்க ஒரு வழி சொல்லிவிடுகிறேன். 'கேக்குதா, கேக்குதா' என்று மைக்கில் கேட்டால் எல்லாரும் கையைத் தூக்குவார்கள், கேட்கத்தான் செய்யும். பத்து எண்களையும் பத்து மீன் பெயர்களையும் கலைத்துப்போட்டு வாசியுங்கள். நகரை, விளமீன், 47, சீலா, 74, ஊளி. ஊரின் மூலைக்கு மூலை பள்ளிப் பிள்ளைகளையும், காது மந்தமான பெரியவர் இரண்டு மூன்று பேரையும் தாளோடு நிறுத்தி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். ஒரு தடவை மதியம் பன்னிரண்டுக்கு, ஒரு தடவை காற்று எழும்பும் சாயங்காலம். இருபதில் பதினாறுக்குக் கீழே எழுதிய மூலைக்கு இன்னொரு பெட்டி, அல்லது இருக்கும் பெட்டியை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். எங்கள் ஊரில் பெட்டிக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று. துறைக் குழாய்க்கான மனு காவல் நிலையத்தில் இருக்கிறது.